மீனை மூழ்கடித்தவர்

கார்த்திகை ஐந்தாம் நாள், காலை ஒன்பதரை மணி. மூன்று நாள் விடாது பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. புதுச்சேரியின் கடற்கரைத் தெருக்களில் கணுக்கால் அளவு நீர் நின்றது.

தைரியநாதர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் பிளாஸ்டிக் உறையிட்ட தாள்களுமாக, ஒரு தையற்கடையின் மாடிப்படியில் ஏறினார். அவருக்கு வயது எழுபத்துமூன்று. மாடி அறையில் இருந்த வசுமதிக்கு நாற்பத்தாறு.

மாணவர் அவர். ஆசிரியர் அந்தப் பெண்மணி.

"மதாம், ஒரு முறையீடு" என்றார், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

"முதல்ல காலைத் துடைச்சுக்குங்க, மிசே."

துடைத்துக்கொண்டார். புதுச்சேரியில் மிசே என்றால் ஐயா, மதாம் என்றால் அம்மா.

"பிரெஞ்சுக்காரன் எழுதினதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்துடலாம். அவன் வீட்டுல பேசுறதைக் கொண்டுவர முடியலை. வார்த்தைக்கு வார்த்தை போட்டா பைத்தியம் பேசுற மாதிரி இருக்கு. அர்த்தத்தை மட்டும் போட்டா வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு."

"முப்பத்தெட்டு வருஷமா வக்கீல் நோட்டீஸ்தானே எழுதினீங்க?"

அது உண்மை. தைரியநாதர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து முத்திரை பெற்ற மொழிபெயர்ப்பாளர். பிறந்தவர், மணந்தவர், இறந்தவர் அனைவருடைய சான்றிதழ்களையும் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கும் பெயர்த்து முத்திரையிட்டவர். இலக்கியத்துக்கு வந்து நான்கு மாதந்தான் ஆகிறது.

வசுமதி பிரெஞ்சிலிருந்து பதினொரு நாவல்களை ஆங்கிலத்தில் தந்தவர். முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தார்: "நான் பாடம் நடத்துறதில்லை. கீழ இருக்கிற டெய்லரைப் பாருங்க. எந்தச் சட்டையையும் உட்புறம் திருப்பிப் பார்க்காம கொடுக்க மாட்டார். நான் செய்யறதும் அதுதான். அதுக்குக் கூலி கிடையாது."

இந்த வயதில் எதற்காக இந்த வேலை என்று வசுமதி கேட்கவில்லை. தைரியநாதரும் சொல்லவில்லை.

நாம் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

டெல்லியில் ஒரு பதிப்பகம் ஒரு பிரெஞ்சு நாவலை ஆங்கிலத்தில் வெளியிட இருந்தது. பெயர்க்க விரும்புவோர் பதினைந்தாம் பக்கம் முதல் நாற்பத்துநான்காம் பக்கம் வரை பெயர்த்துப் பொங்கலுக்கு முன் அனுப்ப வேண்டும். தாள்களில் எண் இருக்கலாம், பெயர் இருக்கலாகாது. அவற்றைப் படித்துத் தேர்ந்தெடுப்பவர் நூலாசிரியரே.

நூலாசிரியரின் பெயர் ஒதீல் மர்த்தேன். அந்தப் பெயரில் பின்பாதி, அவளை விட்டு என்றோ போய்விட்ட ஒரு கணவனுடையது. முன்பாதி, தைரியநாதர் வைத்தது.

தாயை அடக்கம் செய்த நாளன்று அவள் அவரைப் பார்த்தாள். பேசவில்லை. அதற்குப் பின் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு வரி இல்லை.

யாருடைய கை என்று அறியாமல் அவருடைய முப்பது பக்கங்களை அவள் தேர்ந்தெடுத்துவிட்டால், பிறகு பெயர் தெரிய வரும்போது ஏசுவதற்காகவாவது ஒரு கடிதம் எழுதித்தானே ஆகவேண்டும்?

அந்த ஒரு கடிதத்துக்காகவே அவர் மாணவரானார்.

*

"எந்த இடத்துல சிக்குது?" என்றார் வசுமதி.

"பதினேழாம் பக்கம். சின்னப் பொண்ணு. பள்ளிக்கூட வாசல்ல நிக்கிறா. அப்பா வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தார். வரலை. 'அப்பா எனக்கு ஒரு முயலை வைத்தார்'னு எழுதியிருக்கு."

"வர்றேன்னு சொல்லிட்டு வராம இருந்துட்டா பிரெஞ்சுல அப்படித்தான் சொல்வாங்க."

"அது தெரியும், மதாம். ஆங்கிலத்துல அந்த முயலை வெச்சுக்கிறதா, விரட்டிடறதா?"

வசுமதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருங்க. ஒரு நிமிஷத்துல வந்துடறேன்."

படியிறங்கிப் போனார்.

தைரியநாதர் காத்திருந்தார். கீழே தையல் இயந்திரம் ஓடியது, நின்றது, ஓடியது. பத்து மணிக்கு மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. பத்தரைக்கு எழுந்து சன்னலருகே போய்த் தெருவைப் பார்த்தார். பத்தே முக்காலுக்குப் படியில் பாதி இறங்கினார்.

"மதாம் எங்கப்பா?"

தையற்காரர் நிமிரவில்லை. "அவங்க அப்பவே போயிட்டாங்களே. குடையை எடுத்துக்கிட்டுப் போனாங்க."

"அது என் குடை!"

"அப்படியா? நல்ல குடை."

வசுமதி பதினொன்றேகாலுக்கு வந்தார். குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டுத் தம் நாற்காலியில் அமர்ந்தார்.

"கோபமா, மிசே?"

"இல்லை, மதாம்."

"பொய் சொல்லாதீங்க. ஆங்கிலத்துல சொல்லுங்க."

தைரியநாதர் சொன்னார். வருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டீர்கள் என்னும் பொருளில் நான்கே சொற்கள். அவற்றைத் தேட அவருக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.

"அதை எழுதுங்க."

"அப்போ முயல்?"

"அது ஓடிப்போய் ரெண்டு மணி நேரம் ஆகப்போகுது."

எழுதினார். வீடு திரும்பும் வழியில், நீர் தேங்கிய ஒரு முனையில் நின்றார். தாம் காத்திருந்தது ஒன்றரை மணி நேரம். மூலத்தில் அந்தச் சிறுமி காவலாளி கதவைப் பூட்டும்வரை நிற்கிறாள். பிறகு கதவுக்கு வெளியே நிற்கிறாள்.

அப்படி ஒரு நாள் நடந்ததாக அவருக்கு நினைவே இல்லை. அவளுக்கு நினைவிருந்தது என்பதைப் புத்தகம் விலைக்கு வந்த பிறகே அறிந்தார்.

*

அடுத்த முறை அவர் வந்தபோது தடித்த ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். இடப்பக்கம் பிரெஞ்சு மரபுத்தொடர்கள், வலப்பக்கம் அவற்றுக்கு ஈடான ஆங்கில மரபுத்தொடர்கள். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. அகர வரிசை. கோடிட்ட கட்டங்கள். சிவப்பு மையில் எண்கள்.

"இருபது வருஷ உழைப்பு, மதாம். இனிமே சிக்கலே கிடையாது."

"இருபத்துமூணாம் பக்கத்துக்கு வாங்க."

வந்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இங்க ஒரு வேடிக்கை பாருங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சு, இனி வழியில்லைன்னு சொல்ல, பிரெஞ்சுக்காரன் 'காரட் வெந்துவிட்டது'ங்கிறான். ஆங்கிலேயன் 'வாத்து வெந்துவிட்டது'ங்கிறான். இவனுக்குக் காரட்டு, அவனுக்கு வாத்து. கணக்கு நேர்."

"யார் சொல்றாங்க?"

"ஆங்கிலேயன்."

"இந்தப் பக்கத்துல யார் சொல்றாங்கன்னு கேட்டேன்."

"ஓ. அந்தப் பொண்ணோட அம்மா."

"எப்போ?"

தைரியநாதர் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு பிரான்சுக்குப் படிக்கப் போக மனு போட்டிருக்கா. ஒரு காகிதம் வந்து சேரலை. கெடு முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் அம்மா அதைச் சொல்றாங்க. பின்னால அது எந்தக் காகிதம்னு நாற்பத்தொண்ணாம் பக்கத்துல வரும்."

"சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களா?"

"இல்லை, மதாம்."

"மகளோட வாழ்க்கை போச்சுன்னு ஒரு அம்மா நிக்கிறாங்க. நீங்க அவங்க கையில ஒரு வாத்தைக் கொடுத்து அனுப்புறீங்க."

தைரியநாதர் நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

"அவங்க எப்படிச் சொன்னாங்க?" என்றார் வசுமதி.

"அடுப்பை அணைச்சாங்க. திரும்பிப் பார்க்கலை. அணைஞ்ச அடுப்பைப் பார்த்துச் சொன்னாங்க. கரண்டி கையிலேயே இருந்தது."

வசுமதி இருபத்துமூன்றாம் பக்கத்தைப் படித்தார். முந்திய பக்கத்தைப் படித்தார். பிந்திய பக்கத்தையும் படித்தார்.

"நாவல்ல அடுப்பே கிடையாதே, மிசே."



"கற்பனை, மதாம்" என்றார் தைரியநாதர்.

"நல்ல கற்பனை. அந்த அடுப்பை நினைச்சுக்கிட்டு எழுதுங்க. அடுப்பை எழுதாதீங்க."

அவர் ஆங்கிலத்தில் எழுதினார். 'அவ்வளவுதான்' என்று நாம் சொல்வோமே, அந்த எடையுடைய சிறிய சொற்கள். வாத்தும் இல்லை, காரட்டும் இல்லை. வசுமதி தலையசைத்தார்.

"இந்த நோட்டுப் புத்தகத்தை என்ன செய்ய, மதாம்?"

"டெய்லரோட மேசைக்கு ஒரு கால் குட்டை. ரொம்ப நாளா ஆடிக்கிட்டிருக்கு."

தைரியநாதர் அதைக் கேலியென்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். இரண்டு வாரம் கழித்துத் தாமாகவே கொண்டுவந்து தையற்காரரிடம் கொடுத்தார். மேசை ஆடுவது நின்றது.

*

மார்கழியின் நடுவில் முப்பது பக்கங்களும் முடிந்தன. இறுதியில் எஞ்சியிருந்தவை நாற்பத்தொன்று முதல் நாற்பத்துநான்கு வரை. அந்த நான்கு பக்கங்களையும் அவர் வசுமதியிடம் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஐயம் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் தனியே அமர்ந்து பெயர்த்தார்.

அந்தப் பக்கங்களில் இருப்பது இது.

மகளுக்குப் பதினெட்டு வயது. பிரான்சின் லியோன் நகரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழைப் பிரெஞ்சில் பெயர்த்து முத்திரையிட்டு ஜூன் முப்பதுக்குள் அனுப்ப வேண்டும். அந்த முத்திரையை வைத்திருப்பவர்கள் ஊரில் இருவர். ஒருவர் அவளுடைய அப்பா. மற்றவரிடம் போனால் அப்பாவுக்குத் தலைகுனிவு என்று அவள் போகவில்லை.

ஒரு பக்கத்துக்குக் கூலி நாற்பது ரூபாய். மற்றவர்களைப் போலவே அவளும் அப்பாவின் மேசைக்கு எதிரில் நின்று, சான்றிதழையும் நான்கு பத்து ரூபாய்த் தாள்களையும் வைத்தாள். அப்பா சிரித்தார். பணத்தைத் திருப்பித் தள்ளினார். "பெத்த பொண்ணுகிட்ட கூலி வாங்குவேனா?" சான்றிதழை மட்டும் எடுத்து மேசையின் இழுப்பறைக்குள் வைத்தார்.

அவள் ஒவ்வொரு நாளும் கேட்டாள். முத்திரை மை காய்ந்துபோயிருந்தது. தாள் தரமாக இல்லை. பதிவாளர் விடுப்பில் இருந்தார். கடல்காற்றில் தட்டச்சு இயந்திரம் துருப்பிடித்தது. ஜூன் முப்பது வந்தது, போயிற்று.

அவளைத் தம்மோடு வைத்துக்கொள்ள விரும்பியதைத் தவிர அவருக்கு வேறு காரணம் இருந்ததாக நாவலில் இல்லை. வெளியிலும் இல்லை.

மூன்றாண்டு கழித்து அவள் பிரான்சு போனாள், ஒரு திருமணத்தின் வழியாக. அது எத்தகைய திருமணம் என்பது எழுபதாம் பக்கத்துக்கு மேல் வருகிறது.

இந்த நான்கு பக்கங்களில் மகள் அப்பாவைப் பற்றி மூன்று மரபுத்தொடர்களை எழுதியிருந்தாள். பிரெஞ்சுக்காரர்கள் ஒருவர் மற்றவரை ஏய்த்தால் 'மாவில் புரட்டினார்' என்பார்கள். கேட்டும் கேளாதது போல் இருந்தால் 'செவிட்டுக் காதைக் காட்டினார்' என்பார்கள். கேட்டதற்கு விடை சொல்லாமல், பேச்சை அங்கும் இங்கும் இழுத்து, கேட்டவர் தாம் கேட்டதையே மறந்துபோகும்படி செய்தால் 'மீனை மூழ்கடித்தார்' என்பார்கள்.

மூன்றுக்கும் ஆங்கிலத்தில் நேரான சொற்கள் உண்டு. தைரியநாதர் அவற்றை அறிவார். ஒரு தாளில் எழுதியும் பார்த்தார். ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் உறுத்துவதாக அவருக்குப் பட்டது. இயல்பாக ஒலிக்கவில்லை என்று பட்டது. அடித்தார். மீண்டும் எழுதினார். மீண்டும் அடித்தார்.

முடிவில் மாவில் புரட்டியவர், ஆங்கிலத்தில், மகளை இதமாகச் சமாளிப்பவரானார். செவிட்டுக் காதைக் காட்டியவர், தம் நினைவில் ஆழ்ந்திருந்தவரானார். மீனை மூழ்கடித்தவர், சொற்களை அளந்து பேசுகிறவரானார்.

படித்துப் பார்த்தார். ஒரு சொல்லும் உறுத்தவில்லை. இவ்வளவு நல்ல ஆங்கிலத்தைத் தம் வாழ்நாளில் எழுதியதில்லை என்று எண்ணினார். அவ்வெண்ணம் பிழையன்று.

முப்பது பக்கங்களையும் வசுமதியிடம் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார் வசுமதி.

*

மார்கழி இருபத்துநான்காம் நாள், ஞாயிறு, மாலை நான்கு மணி. தையற்கடை பூட்டியிருந்தது.

மேசையில் பிரெஞ்சில் தட்டச்சு செய்த நான்கு தாள்கள் இருந்தன. தலைப்பும் இல்லை, பெயரும் இல்லை.

"படிங்க" என்றார் வசுமதி.

தைரியநாதர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார்.

பதினெட்டு வயதுப் பெண். அவள் அப்பா. மேசைமேல் நான்கு பத்து ரூபாய்த் தாள்கள். எல்லாம் அவர் அறிந்ததே. ஆனால் அந்த அப்பா வேறொருவராக இருந்தார். மகளின் பதற்றத்தை இதமாகச் சமாளித்தார். அவள் அழைத்தபோது தம் நினைவில் ஆழ்ந்திருந்தார். சொற்களை அளந்து பேசும் மனிதர், பிரிவைத் தாங்கமாட்டாதவர், அதைச் சொல்லத் தெரியாதவர். காகிதம் போய்ச் சேராதது ஊழ்வினை போலத் தோன்றியது. எவர்மேலும் குற்றமில்லை.

நான்காம் தாளை முடித்தபோது கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எப்போ வந்தது, மதாம்?"

"நேத்து."

"திருத்திட்டா" என்றார் தைரியநாதர். "மதாம், அவ திருத்தி எழுதிட்டா. புதுப் பதிப்பா? பாருங்க, மீனை எடுத்துட்டா. மாவை எடுத்துட்டா. அப்பனைப் புரிஞ்சுக்கிட்டா. என் மக என்னை மன்னிச்சுட்டா!"

நான்கு தாள்களையும் மேசைமேல் பரப்பினார்.

"ஒதீல் என் மக, மதாம். நான்தான் அந்த அப்பன். உங்ககிட்ட சொல்லலை. அவமானமா இருந்தது. இப்போ சொல்லலாம். பாருங்க, எவ்வளவு நல்ல மனசு அவளுக்கு!"

"அடுப்பு அணைஞ்ச அன்னைக்கே நினைச்சேன்."

வசுமதி எழுந்தார். அலமாரியிலிருந்து தைரியநாதரின் ஆங்கிலத் தாள்கள் நான்கை எடுத்துவந்தார். பிரெஞ்சுத் தாள்களுக்குப் பக்கத்தில், வரிக்கு வரி நேராக வருமாறு வைத்தார்.

தைரியநாதர் இரண்டையும் பார்த்தார். முதல் வரி. இரண்டாம் வரி. மூன்றாம் வரி.

"இதை எழுதினது உங்க மக இல்லை, மிசே" என்றார் வசுமதி. "நீங்க. உங்க ஆங்கிலத்தை எடுத்து, மூலத்தைப் பார்க்காம, பிரெஞ்சுல திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது."

தைரியநாதர் நான்காம் தாளின் முடிவுவரை ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ஆங்கிலம் இயல்பா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் தைரியநாதர், கடைசியில். அது அவருக்கே சிறுபிள்ளை முனகலாகக் கேட்டது.

"இருபத்தாறு பக்கத்துல உங்க ஆங்கிலம் இயல்பா இருக்கு. அப்பா வர்ற நாலு பக்கத்துல மட்டும் அழகா இருக்கு."

"உள்ளபடி எழுதினா, மதாம், என்னை ஏமாத்துக்காரன்னு நானே என் கையால எழுதணும்."

"ஆமா."

"அந்த மூணு பேச்சுக்கும் ஆங்கிலத்துல என்ன போடறது? நீங்களே சொல்லிடுங்க."

வசுமதி கைப்பையைத் திறந்தார். நான்கு பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் வைத்தார். நாற்காலியை விட்டெழுந்து, மேசையைச் சுற்றிவந்து, அவருக்கு எதிரில் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்பா" என்றார். "என் காகிதம் என்னாச்சு?"

தைரியநாதர் நிமிர்ந்து பார்த்தார்.

"மதாம், இது..."

"நாளைக்குத் தபாலுக்குக் கடைசி நாள், அப்பா."

"அதுக்கென்னம்மா" என்றார் அவர். கை தானாக நீண்டு பணத்தைத் தள்ளியது. "இந்த மழையில முத்திரை மை சரியா..."

நிறுத்தினார்.

தம் விரல்களைப் பார்த்தார். நான்கு தாள்களும் மேசையின் மறுவிளிம்பில், விழுந்துவிடும் நிலையில் இருந்தன.

வசுமதி அசையவில்லை. இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

தைரியநாதர் பென்சிலை எடுத்தார். தம் ஆங்கிலத் தாளில் 'சொற்களை அளந்து' என்னும் வரியைக் குறுக்கே அடித்து, அதன்மேல் 'மழுப்பினார்' என்பதற்குரிய ஒரு சொல் எழுதினார். மிகச் சிறிய சொல். எந்த அகராதியிலும், எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் கிடைக்கும் சொல்.

பிறகு மற்ற இரண்டு வரிகளையும் அடித்தார்.

*

தாள்கள் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தன. மாசியில் விடை வந்தது. நூலாசிரியர் ஏழாம் எண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தார். அது தைரியநாதருடைய எண்.

பெயர் தெரிவிக்கப்பட்டது. பதினொரு நாள் கழித்துப் பதிப்பகம் மீண்டும் எழுதியது: மொழிபெயர்ப்பாளர் இன்னார் என்பதில் நூலாசிரியருக்கு மறுப்பு ஏதும் இல்லை.

மகளிடமிருந்து கடிதம் வரவில்லை.

அவர் எஞ்சிய பக்கங்களைப் பெயர்த்தார். எழுபதாம் பக்கத்துக்கு மேலுள்ளவற்றையும் பெயர்த்தார். ஆவணியில் முடித்தார். எல்லாவற்றையும் டெல்லிக்கு அனுப்பக் கட்டுவதற்கு முன், மேசையின் இழுப்பறையைத் திறந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பிறப்புச் சான்றிதழ் அங்கேயே இருந்தது. மடிப்புகளில் பழுத்திருந்தது.

அதைப் பிரெஞ்சில் பெயர்த்தார். ஒரே பக்கம். முத்திரையிட்டார்; அவர் ஓய்வு பெற்றுவிட்டதால் அந்த முத்திரைக்கு அப்போது சட்டப்படி மதிப்பில்லை. பழைய தேதியை இடவில்லை. அன்றைய தேதியையே இட்டார். மூலச் சான்றிதழோடு சேர்த்துக் கட்டின் அடியில் வைத்தார். விளக்கம் எதுவும் எழுதவில்லை.

நூலுக்குரிய தொகை முழுவதையும் பதிப்பகம் நவம்பர் மூன்றாம் தேதி அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்தியது. நவம்பர் பத்தொன்பதாம் தேதி தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. நான்கு பத்து ரூபாய்த் தாள்கள் இருந்தன. உறைமேல் இருந்த அஞ்சல் முத்திரை புதுச்சேரியினது; முகவரி மகளின் கையெழுத்து. தைரியநாதர் இம்முறை பணத்தை எடுத்துக்கொண்டார். பிறப்புச் சான்றிதழ், பக்கம் ஒன்று, கூலி நாற்பது ரூபாய் பெற்றுக்கொண்டேன் என்று அன்று மாலையே ரசீது எழுதிக் கையொப்பமிட்டு, வேறு முகவரி அறியாமையால், டெல்லிக்கு அனுப்பினார்.